மழைக்கு நிறுத்திவைக்கும் ஸ்போர்ட்ஸ் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, கேரள எல்லை தாண்டிப் பாறசாலை என்று இந்தப் பக்கத்தில் தாழ்வான இரண்டு இருக்கை வண்டியோ, ஆசையாகப் புதுப்பித்த பழைய வண்டியோ வைத்திருப்பவர்கள், மே மாதம் பிறந்ததும் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். மழைக்கு வண்டியை எப்படி நிறுத்துவது, நிறுத்திய பிறகு அந்த மாதங்களை எப்படிக் கடத்துவது என்ற இரண்டும்தான் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கின்றன. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே தொகுத்திருக்கிறேன்.

மழையில ஓடத்தானே வண்டி செஞ்சிருக்கான், பிறகு எதுக்கு நிறுத்தணும்?

தினமும் வேலைக்குப் போய்வரும் வண்டியை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. அது நனைகிறது, ஓடுகிற சூட்டில் காய்கிறது, மறுநாள் மீண்டும் நனைகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வரும் வண்டியின் நிலைமை வேறு. ஒருநாள் நனைந்துவிட்டு மீதி ஆறு நாளும் கதவின் அடிவிளிம்பிலும் சக்கர வளைவின் உட்புறத்திலும் சேற்று ஈரத்தோடு அது நிற்கிறது. துரு அங்கேதான் பிடிக்கிறது.

சாலையின் நிலையும் ஒரு காரணம். தரையிலிருந்து நான்கைந்து அங்குல உயரமே உள்ள வண்டிக்கு, தண்ணீர் மூடிய குழி எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் இறங்குவது பெரிய ஆபத்து. அகலமான டயர்கள் தேங்கிய நீரின் மேல் மிதந்து பிடிப்பை இழப்பதும் எளிது.

எப்ப நிறுத்தி எப்ப எடுக்கணும்?

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 1. நம் பெரியவர்கள் சொல்லும் இடவப்பாதியும், அதாவது மலையாள இடவ மாதத்தின் நடுப்பகுதியும், அதையொட்டியே வருகிறது. ஆகவே மே கடைசி வாரத்துக்குள், வண்டி நன்றாகக் காய்ந்திருக்கும் ஒரு வெயில் நாளில் வேலையை முடித்துவிட வேண்டும். முதல் மழை விழுந்த பிறகு நிறுத்தினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி வைத்ததாகிவிடும்.

எடுப்பதற்குக் கர்க்கடகம் கழிந்து சிங்கம் பிறக்கும்வரை, அதாவது ஆகஸ்ட் நடுப்பகுதிவரை பொறுப்பது நல்லது. பலரும் ஓணத்தை ஒட்டி எடுக்கிறார்கள். ஆனால் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. துலா மாதத்து மழை அக்டோபரில் இடியோடு வந்துவிடும். நடுவில் கிடைக்கும் ஆறேழு வாரங்களும், பிறகு டிசம்பர் கடைசியிலிருந்து மே வரையிலான மாதங்களும்தான் இந்த வண்டிகளுக்கு உரிய காலம்.

வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விட்டா போதாதா?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிக வண்டிகளைக் கெடுக்கும் பழக்கமும் இதுதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. நீண்ட தூரம் ஓடும்போது சைலன்சர் முழுவதும் சூடாகி அந்த ஆவி வெளியே போய்விடும். ஐந்து நிமிடத்தில் சைலன்சர் சூடாகாது. ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகித் தேங்கும். சைலன்சர் உள்ளிருந்து அரித்துப் போவது இப்படித்தான்.

என்ஜின் ஆயிலுக்கும் இதே கதி. பிஸ்டனைத் தாண்டிக் கசியும் ஆவியும், எரியாத பெட்ரோலும் ஆயிலில் கலக்கின்றன. ஆயில் போதிய சூட்டை எட்டினால்தான் அவை ஆவியாகி வெளியேறும். இப்படி வாரந்தோறும் ஐந்து நிமிடம் ஓடிய வண்டியில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் உட்புறத்தைப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் வழவழப்பான பசை அப்பியிருக்கும். அது தண்ணீரும் ஆயிலும் சேர்ந்து கடைந்தது. பேட்டரிக்கும் இதனால் பயனில்லை. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் ஐந்து நிமிட ஐடிலில் முழுமையாகத் திரும்பக் கிடைப்பதே அரிது.

ஒன்று, அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். இல்லையென்றால் சாவியைத் தொடாதீர்கள். இவை இரண்டுக்கும் நடுவில் வேறு வழி கிடையாது.

அப்ப பேட்டரியை என்ன செய்ய?

கரன்ட் வசதி உள்ள ஷெட் என்றால், நிரம்பியதும் தானே குறைத்துக்கொள்ளும் பராமரிப்பு சார்ஜர் ஒன்றை மாட்டிவிடுவது சிறந்தது. நம் ஊரில் மழைக்காலத்து மின்தடைக்கும் இடிக்கும் பஞ்சமில்லை என்பதால், தடை முடிந்து மின்சாரம் வந்ததும் தானாக வேலை தொடங்கும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள். கருமேகம் கூடும்போது பிளக்கைக் கழற்றிவிடுவதும் நல்லது.

கரன்ட் இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் செய்யுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். முழுச் சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நிற்கும் வண்டியிலும் அலாரமும் கணினியும் ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர்வரை இழுத்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் கணக்கில் 45 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று வாரத்தில் பாதிக்கும் கீழே போய்விடும். சில வண்டிகளில் பேட்டரி இருக்கும் டிக்கியே மின்பூட்டில்தான் திறக்கும் என்பதால், இணைப்பைக் கழற்றிய பிறகு அந்தப் பூட்டு விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேங்கை நிறைச்சு வைக்கவா, காலியா வைக்கவா?

நிறைத்து வையுங்கள். பாதி டேங்க் என்றால் மீதிப் பாதி ஈரக்காற்று. இரவில் குளிரும்போது அந்த ஈரம் டேங்கின் சுவரில் துளியாகப் படியும். பழைய வண்டிகளின் இரும்பு டேங்க் மேல்பகுதியிலிருந்து துருப்பிடிப்பதற்கு இதுவே காரணம்.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அளவுக்கு மேல் நீர் சேர்ந்தால் எத்தனாலும் நீரும் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். மூன்று மாதத்துக்கு நிறைந்த டேங்கும், கடைசி முறை நிரப்பும்போது சேர்க்கும் எரிபொருள் நிலைப்படுத்தியும் போதும். அதைச் சேர்த்த பிறகு சில கிலோமீட்டர் ஓட்டினால்தான் அது குழாய்களுக்கும் போய்ச் சேரும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில், பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு என்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் எத்தனாலுக்கு ஈடுகொடுக்காதவை. இன்னும் மாற்றவில்லை என்றால், வண்டி நிற்கும் இந்த மாதங்களில் மாற்றிவிடலாம்.

நிறுத்துறதுக்கு முன்னால ஆயில் மாத்தணுமா, எடுத்த பிறகு மாத்துனா போதுமா?

முன்னால் மாற்றுங்கள். பயன்படுத்திய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலமும் ஈரமும் மூன்று மாதம் பேரிங்குகளின் மேல் உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. பிரேக் ஆயிலும் இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் அப்போதே மாற்றுங்கள். டாட் 4 வகைப் பிரேக் ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய நிலையில் 155 டிகிரிவரை இறங்கிவிடும். மலையிறக்கத்தில் வேகமாக ஓட்டும் வண்டிக்கு இந்த வேறுபாடு சிறியதில்லை.

டயர், ஹேண்ட்பிரேக் விஷயத்துல என்ன கவனிக்கணும்?

காற்றை வழக்கத்தைவிட 5 முதல் 8 பிஎஸ்ஐ கூட்டிவிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் பொறித்துள்ள உச்ச அளவைத் தாண்டக் கூடாது. மாதம் ஒருமுறை வண்டியை அரைச்சுற்றுத் தள்ளிவிட்டால் ஒரே இடத்தில் தட்டையாகாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்தால் ஈரத்தில் பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தால் போதும். ஸ்டாண்டில் ஏற்றித் தொங்கவிட வேண்டாம். ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டு வெளியே நீண்டு நின்று, ஈரக்காற்றில் புள்ளி புள்ளியாக அரித்துவிடும்.

நல்ல கனமான தார்ப்பாய் வாங்கி மூடியிருக்கேன், போதும்தானே?

தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். தார்ப்பாயும் ரெக்சின் உறையும் வெளியிலிருந்து வரும் மழையைத் தடுப்பதைப் போலவே, தரையிலிருந்து எழும் ஈரத்தை வெளியே விடாமலும் தடுத்துவிடும். காலையில் தார்ப்பாயைத் தூக்கி அதன் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால் கை நனையும். நிற்கும் வண்டியைக் கெடுப்பது இப்படி அடைபட்டுப்போன ஈரம்தான்.

கூரைக்குக் கீழே நிற்கும் வண்டிக்குக் காற்றுப் போய்வரும் பருத்தி உறையே சரி. பழைய பருத்திப் போர்வைகளைச் சேர்த்துத் தைத்தாலும் போதும். கூரையே இல்லாத இடத்தில் நிறுத்துபவர்கள் உறையைத் தேடி அலைவதைவிட, நான்கு கால் நட்டுக் கூரை போடும் செலவைப் பாருங்கள்.

எங்க ரப்பர் ஷீட் அடிக்கிற ஷெட்டுல தாராளமா இடம் இருக்கு. அங்க நிறுத்தலாமா?

நம் பகுதிக்கே உரிய கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரப்பர் பாலை உறைய வைக்க நாம் பயன்படுத்துவது பார்மிக் அமிலம். கன்னாசில் மூடி வைத்திருந்தாலும், பால் உறையும் தட்டுகளிலிருந்தும், பிழிந்து வழியும் தண்ணீரிலிருந்தும் அதன் நெடி ஷெட் முழுவதும் பரவியிருக்கும். மூக்கை உறுத்தும் அந்த நெடியே பிரேக் டிஸ்க்கையும் குரோம் பட்டைகளையும் மின் இணைப்புகளின் செம்பையும் அரிக்கும். ஷீட் அடிக்கும் எந்திரத்தின் இரும்புக் கால்கள் தரையோடு சேரும் இடத்தில் எப்படி உதிர்ந்து போயிருக்கின்றன என்று ஒருமுறை குனிந்து பாருங்கள். நான் சொல்வதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

உரமூட்டை அடுக்கிய அறையும் ஆகாது. பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னைச் சுற்றி உப்புநீராக்கும். சிமென்ட் மூட்டை, பூச்சிமருந்து, ஷீட் உலர்த்தும் புகைக்கூடு, இவற்றின் பக்கத்திலும் வேண்டாம்.

எளிய ஓட்டுக் கூரை, எதிரெதிர்ச் சுவர்களில் காற்றுப்போக்கு, சிமென்ட் தரை, இவை இருந்தால் அது நல்ல இடம். தகரக் கூரை இரவில் குளிர்ந்து உட்புறம் வியர்த்துச் சொட்டும் என்பதால், அதற்குக் கீழே ஒரு தட்டி அடைப்பு தேவை. மண் தரை என்றால் கனமான பாலித்தீன் விரிப்பைத் தரையில் போட்டு, அதன்மேல் பலகை இட்டு, வண்டியை ஏற்றுங்கள். மேலே போர்த்தக் கூடாத பாலித்தீன் கீழே விரிப்பதற்கு மிகவும் ஏற்றது.

ஷெட்டுக்குள்ள ஈரம் எவ்வளவு இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஒப்பு ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துருவின் வேகம் ஏறும். மழைக்காலத்தில் நம் பக்கம் 80-ஐத் தாண்டுவது சாதாரணம். உப்புப் படிந்த இரும்பு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே துருப்பிடிக்கும். அதனால்தான் குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்தில் இருப்பவர்கள், நிறுத்துவதற்கு முன் வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் இரண்டுமுறை கழுவிக் காயவைக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன். கடலோரத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தால் அது இதற்கு உதவாது.

என் வண்டி சான் ஸ்டார்ம். ஃபைபர் பாடிதானே, துரு எப்படிப் பிடிக்கும்?

கோவாவில் உருவான அந்தச் சிறிய திறந்த வண்டியைப் பேணிவருபவர்கள் சிலர்தான், அதனால் முதலில் என் வாழ்த்துகள். உடல் துருப்பிடிக்காது என்பது உண்மையே. ஆனால் அடியில் உள்ள சட்டகம், சஸ்பென்ஷன் கைகள், பிரேக் குழாய்கள், நட்டு போல்ட்டுகள் எல்லாம் இரும்பு. மேலே எதுவும் தெரியாததால் கீழே நடப்பதை யாரும் பார்ப்பதில்லை என்பதே இந்த வண்டிகளின் சிக்கல். ஃபைபர் உடலில் மின்சாரம் பாயாது. விளக்குகளுக்கெல்லாம் தனி எர்த் கம்பி ஓடும். மழைக்குப் பிறகு விளக்கு மங்கினால் முதலில் அந்த எர்த் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள்.

துணிக்கூரை வண்டி. போன வருஷம் சீட்டு, கூரை எல்லாம் பூஞ்சை பிடிச்சிட்டு. இந்த வருஷம் என்ன செய்யட்டும்?

கூரையை முழுவதும் விரித்து மூடிய நிலையில் வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்புக்குள் இருக்கும் கொஞ்ச ஈரமே போதும், பூஞ்சை அங்கேதான் தொடங்கும். இருக்கைகளைச் சோப்புநீரில் துடைத்து, வெயிலில் ஒரு பகல் முழுவதும் கதவுகளைத் திறந்து காயவைத்த பிறகே மூடுங்கள். தோலில் படிந்த வியர்வையும் எண்ணெயும்தான் பூஞ்சைக்கு உணவு. தரை விரிப்புகளைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

உள்ளே வைக்க சிலிக்கா ஜெல் பைகள் நல்லவை. நிறம் மாறியதும் அடுப்புச் சூட்டில் உலர்த்தித் திரும்ப வைக்கலாம். கால்சியம் குளோரைடு டப்பாக்கள் அதிக ஈரம் இழுக்கும், ஆனால் இழுத்த ஈரம் உப்புநீராக அடியில் சேரும். அது கவிழ்ந்தால் தரைத் தகடு அரித்துவிடும் என்பதால் தட்டுக்குள் வைத்து வாரந்தோறும் பாருங்கள். சிரட்டைக்கரி நாற்றத்தை எடுக்கும், ஈரத்துக்கு அது மட்டும் போதாது. இத்தனைக்கும் மேலே செலவழிக்க முடிந்தவர்கள், மூடிய ஷெட்டில் மின்சார ஈரநீக்கி ஒன்றை வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு. அப்படி வைத்தால் கண்ணாடிகளை ஒரு விரல் அளவு இறக்கி விடலாம். இல்லையென்றால் முழுவதும் ஏற்றியே வையுங்கள்.

எலி வயரைக் கடிச்சிருது. பாச்சை உருண்டை போட்டா போகுமா?

எலி போகிறதோ இல்லையோ, அந்த வாடை இருக்கைகளில் ஏறி ஓராண்டுக்குப் போகாது. எலி வருவது தீனிக்கும் கூட்டுக்கும். அதே ஷெட்டில் உலர்ந்த மரச்சீனியோ கொப்பரையோ நெல்லோ இருந்தால் எந்த மருந்தும் பயன்தராது. முதலில் அவற்றை வேறிடத்துக்கு மாற்றுங்கள். சைலன்சர் வாயையும் காற்று உறிஞ்சும் குழாயையும் நெருக்கமான இரும்புவலையால் அடைத்து, அடைத்ததை ஒரு அட்டையில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். விஷம் வைக்க வேண்டாம், தின்ற எலி ஏசி குழாய்க்குள் போய்ச் சாகும். எலிக்கூடு வைத்துப் பிடிப்பதே மேல். எலி இருக்கும் ரப்பர் தோட்டத்து ஷெட்டுக்குப் பாம்பும் வரும் என்பதால், பானெட்டைத் திறக்கும்போது கையை விடுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வள்ளியூர்ல அத்தை வீடு இருக்கு. அங்க மழையே இல்லை. அங்க கொண்டு விடலாமா?

மிக நல்ல யோசனை. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் மழைமறைவுப் பகுதி வந்துவிடுகிறது. இங்கே ஜூலையில் கொட்டிக்கொண்டிருக்கும்போது, அங்கே முப்பந்தல் காற்றாலைகளுக்குக் கீழே சாலையில் புழுதி பறக்கும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இரண்டு பருவநிலை இருப்பது நமக்கு வாய்த்த நன்மை.

அந்தப் பக்கத்துச் சிக்கல் காற்றும் மணலும். கணவாய்க் காற்று உறையைப் படபடவென அடித்துக்கொண்டே இருந்தால், இடையில் புகுந்த மணல் பெயிண்டைத் தேய்த்துவிடும். ஆகவே நாலு பக்கமும் அடைப்புள்ள இடம் தேவை. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை அங்கேயும் வரும் என்பதால், அதற்கு முன் திரும்பக் கொண்டுவருவதற்கும் திட்டமிடுங்கள்.

நான் துபாய்ல இருக்கேன். அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்ல?

ஏன் வேண்டாம் என்பதற்கு, ஐந்து நிமிட ஸ்டார்ட் பற்றிய பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். ஆனால் வெறுமனே தடுத்தால் அவர் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது. மகன் ஆசையாக வாங்கிய வண்டிக்குத் தன்னால் ஆனதைச் செய்கிறார் அவர். அந்த அக்கறைக்கு வேறு வேலை கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஈரப்பதமானியின் எண்ணைக் குறிப்பது, பேட்டரி சார்ஜரின் பச்சை விளக்கைப் பார்ப்பது, தரையில் ஆயில் சொட்டோ எலிப்புழுக்கையோ உண்டா என்று பார்ப்பது, மழை விட்ட பகலில் ஷெட் கதவை இரண்டு மணி நேரம் திறந்து வைப்பது. அந்த நேரத்தில் நீங்கள் வீடியோ அழைப்பில் இருந்தால் இருவருக்கும் நிறைவாக இருக்கும்.

நான் டொராண்டோவுல இருக்கேன். நவம்பர்ல நிறுத்தி ஏப்ரல்ல எடுக்கேன். உங்க முறை இங்க பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும்: ஆயில், நிறைந்த டேங்க், ஹேண்ட்பிரேக், எலி எல்லாம் அங்கும் அப்படியே. நமக்கு இல்லாத மூன்று கவலைகள் உங்களுக்கு உண்டு. முதலாவது, உறைதல். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரிவரை தாங்கும். கண்ணாடி துடைக்கும் தொட்டியில் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது. இரண்டாவது, பேட்டரி. முழுச் சார்ஜில் உள்ள பேட்டரி உங்கள் ஊர்க் குளிரில் உறையாது; இறங்கிப்போனது மைனஸ் 10 டிகிரிக்கு முன்பே உறைந்து வெடிக்கக்கூடும். மூன்றாவது, கோடைக்கால டயர். அதன் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயே விறைக்கத் தொடங்கும். கடுங்குளிரில் அசைத்தால் விரிசல் விடலாம். ஆகவே மாதம் ஒருமுறை தள்ளிவிடச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது.

சாலையில் கொட்டும் உப்பு ஏப்ரலிலும் ஓரங்களில் கிடக்கும். நல்ல மழை ஒன்றிரண்டு பெய்து அதைக் கழுவிய பிறகு எடுங்கள். நாங்கள் மழைக்குப் பயந்து நிறுத்துகிறோம், நீங்கள் மழைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

மூணு மாசம் ஓட்டாத வண்டிக்கு இன்சூரன்ஸ் எதுக்கு? விட்டுட்டு பிறகு எடுத்துக்கலாமே?

பொதுச்சாலையில் ஓடும் வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு சட்டப்படி கட்டாயம். ஷெட்டுக்குள் பூட்டிய வண்டிக்கு அந்த நெருக்கடி இல்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பாலிசி முடிந்து 90 நாள் தாண்டினால், பல ஆண்டாகச் சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

அதைவிட முக்கியமான காரணம், 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயலில் நாம் பார்த்ததுதான். ஒரே நாளில் மாவட்டம் முழுவதும் ரப்பர் மரங்கள் முறிந்து விழுந்தன. நின்ற வண்டியின் மேல் மரம் விழுந்தால் காப்பது சொந்தச் சேதத்துக்கான பாலிசி மட்டுமே. ஷெட்டுக்குள் வெள்ளம் வந்தால் வண்டியை எந்தக் காரணத்துக்காகவும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். தண்ணீர் புகுந்த என்ஜினை இயக்கியதால் வரும் சேதத்தைச் சாதாரணப் பாலிசி ஏற்பதில்லை. அதற்கு என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு வேண்டும்.

எல்லாம் செஞ்சாச்சு. ஆனா பார்த்துக்கிட்டே இருக்க முடியலை. நடுவுல ரெண்டு நாள் வெயில் அடிக்கும்போது எடுத்தா என்ன?

இந்தத் தவிப்பு உண்மையானது, அதை யாரும் சிறிதாகப் பேச வேண்டியதில்லை. எடுக்கலாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயில் அடித்துச் சாலை முழுவதும் காய்ந்திருக்க வேண்டும், அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும், திரும்பியதும் கழுவிக் காயவைத்து எல்லா ஏற்பாட்டையும் மறுபடி செய்ய வேண்டும். குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறைவரை போய்த் திரும்பும் ஒரு காலைக்கு ஒரு மாலை நேர வேலை. அதற்கு மனம் இருந்தால் தாராளமாக எடுங்கள்.

மற்ற நாட்களுக்கு, வண்டியை எடுக்காமலே அதோடு இருக்கும் வழிகள் உண்டு. ஸ்டியரிங் தோலைக் கையால் புதிதாகத் தைப்பது, கழற்றிய சக்கரங்களின் உட்புறத்தைத் தேய்ப்பது, சர்வீஸ் கையேட்டில் இதுவரை திறக்காத அத்தியாயத்தைப் படிப்பது, கிடைக்காத உதிரிபாகத்தைத் திருவனந்தபுரத்திலோ கோவையிலோ தேடிப் பிடிப்பது. மழைக்காலத்தில் வண்டியை உண்மையாகக் கற்றுக்கொண்டவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

"ஓட்டாத வண்டி எதுக்கு?"ன்னு வீட்டுல கேக்காங்க. என்ன சொல்ல?

சொல்வதைவிட, ஓணத்துக்குப் பிறகு முதல் பயணத்தில் கேட்பவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவையுங்கள். செலவுக் கணக்கையும் மறைக்காமல் காட்டுங்கள். கணக்குத் தெரியாததால் வரும் கோபமே பெரும்பாலும் அதிகம்.

வண்டி கேஎல் 19, பாறசாலைப் பதிவு. மழைக்கு மார்த்தாண்டத்துல மச்சான் ஷெட்டுல நிக்குது. மார்த்தாண்டம் பதிவு டிஎன் 75-க்கு மாத்தணுமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 47-இன்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால்தான் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும். மழைக்கு மூன்று மாதம் நிற்பதற்குப் பதிவெண் மாற்றத் தேவையில்லை. மழை முடிந்து பாறசாலைக்குத் திரும்பிப் போவதற்குச் சான்றாக, அங்கே செய்த சர்வீஸ் ரசீதையோ புகைச் சான்றிதழையோ வைத்திருங்கள்.

ஆண்டு முழுவதும் இங்கேயே நிறுத்தப் போகிறீர்கள் என்றால், பழைய அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டிப் பதிவை மாற்ற வேண்டும். அங்கே கட்டிய ஆயுள்கால வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்கலாம். வண்டிக்கு 15 ஆண்டு நெருங்கியிருந்தால், பதிவு புதுப்பித்தலை முதலில் முடித்துவிட்டு மாற்றத்துக்குப் போனால் அலைச்சல் குறையும்.

எடுக்கிற நாள் வந்தாச்சு. நேரா சாவியைத் திருப்பலாமா?

ஸ்டியரிங்கில் கட்டிய அட்டையை முதலில் படியுங்கள். சைலன்சர் வாயில் வலை இன்னும் இருக்கும். பிறகு டயர் காற்றை வழக்கமான அளவுக்கு இறக்கி, ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் அளவுகளைப் பார்த்து, கீழே குனிந்து ஏதும் சொட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் மிதியை நிற்கும்போதே பலமுறை மிதித்துப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை பொறுங்கள்.

டிஸ்க்கில் செம்மண் நிறத்தில் மெல்லிய துரு படிந்திருக்கும், அது இயல்பே. ஆளில்லாத சாலையில் மெதுவாகப் போய்ப் பத்துப் பதினைந்து முறை மென்மையாகப் பிரேக் பிடித்தால் தேய்ந்து போய்விடும். அதற்குப் பிறகும் மிதியில் அதிர்வு இருந்தால் பேட் ஒட்டியிருந்த இடத்தில் டிஸ்க் குழிந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முதல் 50 கிலோமீட்டருக்கு டயரின் பிடிப்பையும் பிரேக்கையும் முழுதாக நம்ப வேண்டாம். அதனால் முதல் நாளே மலைப்பாதைக்குப் போகாமல், நாகர்கோவில்வரை சமதளச் சாலையில் போய்வாருங்கள்.